கால்வாய்க்குள் தண்டவாளம்

தென்கிழக்கு இங்கிலாந்தில் 1845 பெப்ரவரி 10ஆம் திகதி ஓடத் தொடங்கிய ரயில் ஒன்று, தன் வழியில் ஒரு பகுதியைத் தண்ணீருக்கு மேலேயே ஓடிக் கடந்தது. கிரேவ்சென்டையும் ஸ்ட்ரூட்டையும் இணைத்த தேம்ஸ்–மெட்வே கால்வாய், சுண்ணக்கல் குன்று ஒன்றைக் குடைந்து சென்றது. 1824இல் திறக்கப்பட்ட அதன் சுரங்கம் ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீற்றர் நீளமானது. இவ்வளவு செலவில் வெட்டிய கால்வாயில் எதிர்பார்த்த படகுப் போக்குவரத்து வரவில்லை. இருபது ஆண்டுகள் காத்திருந்த கம்பனி, சுரங்கத்தைத் தூர்க்காமலும் நீரை வடிக்காமலும் ஒற்றை ரயில்பாதை ஒன்றை அதற்குள் இட்டது. ஒரு தண்டவாளம் படகை இழுப்பவர்கள் நடந்த கரைப்பாதையில் கிடந்தது. மற்றது நீருக்குள் நட்ட மரக்கால்களின் மேல் நின்றது. புகையைக் கக்கியபடி இயந்திரம் இருட்டுக்குள் நுழையும்போது, பெட்டியின் ஒரு பாதிக்குக் கீழே கால்வாய் நீர் அசைந்துகொண்டிருந்தது. மறு ஆண்டே தென்கிழக்கு ரயில்வேக் கம்பனி அதை வாங்கி, சுரங்கத்துக்குள் இருந்த கால்வாயைத் தூர்த்து இரட்டைப் பாதை இட்டது. அதே சுரங்கத்தில் இன்றும் ரயில் ஓடுகிறது.

இந்த ஒரு காட்சிக்குள் ஒரு நீண்ட வரலாறு அடங்கியிருக்கிறது. கால்வாயை ரயில்பாதையாக மாற்றலாம் என்ற யோசனை 1830களில் பிரித்தானியாவில் முளைத்து, ஒஸ்திரியா, அமெரிக்கா, இந்தியா என்று பரவி, இருபதாம் நூற்றாண்டின் இறுதிவரை வேறு வேறு வடிவங்களில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. சில நிறைவேறின, பல, வரைபடங்களாகவும் நாடாளுமன்றச் சட்டங்களாகவும் நின்றுவிட்டன. அவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது: திட்டம் போட்டவர்கள் கால்வாயில் கண்டது, நகரின் நடுவரை தடையின்றிப் போகும் ஒரு நீண்ட, ஒடுங்கிய காணித் துண்டை. அதற்குள் இருந்த தண்ணீர் அவர்களுக்கு ஓர் இடையூறாகவே தெரிந்தது. ஒவ்வொரு திட்டத்தின் வெற்றியும் தோல்வியும் அந்தத் தண்ணீரின் நிலையைப் பொறுத்தே பெரும்பாலும் அமைந்தன என்பது என் கணிப்பு.

காணி என்ற சொல்லின் கனத்தைத் திருகோணமலையில் வாழ்பவர்களுக்கு விளங்கப்படுத்த வேண்டியதில்லை. ஒரு வீதியை இரண்டு அடி அகட்டுவதற்குக்கூட எத்தனை உறுதிகள், எத்தனை எல்லைக் கற்கள், எத்தனை வழக்குகள் என்பதை நாம் பார்த்து வளர்ந்தவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்திலும் நிலைமை அப்படித்தான் இருந்தது. ரயில்பாதை அமைக்க விரும்பும் கம்பனி நூற்றுக்கணக்கான காணிச் சொந்தக்காரர்களிடம் பேச வேண்டும். பிரபுக்களின் தோட்டங்களைச் சுற்றிப் போக வேண்டும். நகருக்குள் நுழையும்போது வீடுகளை விலைக்கு வாங்கி இடிக்க வேண்டும். கால்வாய்க் கம்பனிகளோ இந்தப் பாடுகளையெல்லாம் இரண்டு தலைமுறைக்கு முன்பே பட்டு முடித்திருந்தன. பிரிட்ஜ்வோட்டர் பிரபுவின் கால்வாய் 1761இல் வேர்ஸ்லிச் சுரங்கங்களிலிருந்து மான்செஸ்டரை நோக்கித் திறக்கப்பட்டதும் நகரில் நிலக்கரி விலை பாதியாகக் குறைந்தது. அதைக் கண்டு நாடெங்கும் கால்வாய் வெட்டினார்கள். ஒவ்வொரு கால்வாய்க்கும் ஒரு நாடாளுமன்றச் சட்டம் இருந்தது. முழு வழியும் ஒரே உடைமையாளரின் கையில் இருந்தது. சுரங்க வாயிலில் தொடங்கி நகரத்துப் பண்டகசாலை வாசலில் முடியும் பாதை அது. ரயில்காரர்களின் கண் அதில் விழுந்தது இயல்புதான்.

மற்றொரு கவர்ச்சி, மட்டம். உருக்குச் சக்கரம் உருக்குத் தண்டவாளத்தில் உருளும்போது உராய்வு மிகக் குறைவு; சமதரையில் ஒரு தொன் எடையை நகர்த்தச் சில கிலோகிராம் இழுப்பு விசையே போதும். ஆனால் நூறு அடிக்கு ஓர் அடி ஏறும் சாய்வு வந்துவிட்டால், அந்த ஏற்றத்துக்காக மட்டும் தொன்னுக்குப் பத்துக் கிலோகிராம் விசை கூடுதலாக வேண்டும். கண்ணுக்குத் தெரியாத சாய்வுகூட இயந்திரத்தைத் திணறடிக்கும். எனவே ரயில் பொறியியலாளர் தேடுவது மட்டமான நிலம். கால்வாய் வெட்டியவர் தேடியதும் அதையேதான். நீரையும் நிலத்தையும் இழைத்துப் பார்க்கும் அந்தக் கண் நம் நாட்டுக்கும் பழகியதே. கலாவெவவிலிருந்து அனுராதபுரத்துக்கு நீர் கொண்டுபோகும் ஜயகங்கை, சுமார் 87 கிலோமீற்றர் நீளத்தில், அதன் முதல் பதினேழு மைல் தூரத்தில் மைலுக்கு ஆறு அங்குலம் என்ற கணக்கில் இறங்குவதாகச் சொல்லப்படுகிறது. இப்படிப்பட்ட தடம் ஒன்று ஆயத்தமாகக் கிடந்தால் அதில் தண்டவாளம் இட எவருக்கும் ஆசை வரும்.

ஆனால் இங்கிலாந்தின் கால்வாய் மட்டம் ஒரு பாதி உண்மைதான். அது படிக்கட்டின் மட்டம். ஒவ்வொரு படியும் சமதளம். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏற, இரு முனையிலும் கதவுள்ள நீர்த்தொட்டி ஒன்றுக்குள் படகை விட்டு, நீரை நிரப்பி உயர்த்துவார்கள். இதை நீர்ப்பூட்டு என்கிறோம். படகுக்கு இது நேரம் பிடிக்கும் வேலை. ரயிலுக்கோ செய்யவே முடியாத வேலை.

இலண்டனின் தெற்கே இருந்த குரொய்டன் கால்வாய் இதற்குத் தெளிவான சாட்சி. 1809இல் திறக்கப்பட்ட, ஒன்பதே கால் மைல் நீளமான அந்தக் கால்வாயில், நியூ குரொஸுக்கும் ஃபொரஸ்ட் ஹில்லுக்கும் இடையிலான குன்றுச் சரிவிலேயே பெரும்பாலும் அமைந்த 28 நீர்ப்பூட்டுகள் இருந்தன. ஒரு படகு அவற்றைத் தாண்டுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். வருமானம் போதாமல் 1836இல் அது மூடப்பட்டது; நாடாளுமன்றச் சட்டத்தின்படி கைவிடப்பட்ட முதல் பிரித்தானியக் கால்வாய் அதுவே. இலண்டன்–குரொய்டன் ரயில்வே அதை 40,250 பவுணுக்கு வாங்கி, 1839 ஜூனில் ரயில் ஓட்டியது. வாங்கியது முழுக் கால்வாயை. பயன்படுத்தியதோ துண்டு துண்டாகத்தான். நீர்ப்பூட்டுப் படிகள் இருந்த சரிவில் கால்வாயை விட்டு விலகி, குன்றை ஆழமாக வெட்டி, நூற்றுக்கு ஒன்று என்ற ஒரே சீரான ஏற்றத்தை உருவாக்க வேண்டியிருந்தது. கால்வாய் வளைந்த இடங்களில் பாதை நேராகக் குறுக்கே ஓடியது. படகுகள் கட்டிய குளத்துறை இருந்த இடத்தில் இன்று மேற்குக் குரொய்டன் புகையிரத நிலையம் நிற்கிறது. எனர்லியில் உள்ள ஒரு பூங்காவுக்குள் கால்வாயின் சிறு துண்டு ஒன்று நீரோடு எஞ்சியிருக்கிறது. ரயில் எடுத்துக்கொள்ளாமல் விட்ட வளைவு அது.

வளைவு என்பது தனியான ஒரு சிக்கல். கால்வாய்ப் பொறியியலாளர் ஜேம்ஸ் பிரிண்ட்லியும் அவர் வழிவந்தவர்களும் நீர்ப்பூட்டைத் தவிர்க்க, நிலத்தின் சம உயரக் கோட்டைப் பின்பற்றிக் கால்வாயைப் பாம்பாக வளைத்தார்கள். ஒக்ஸ்போர்ட் கால்வாய் இப்படி 91 மைல் சுற்றியது. ரயிலின் போட்டியை எதிர்பார்த்து 1834க்குள் அதை நேராக்கியபோது நீளம் 77½ மைலாகக் குறைந்தது. நடைவேகத்தில் ஊரும் படகுக்கு எந்த வளைவும் பொருட்டல்ல. வேகமாக ஓடும் ரயிலை அதே வளைவில் திருப்பினால் சக்கரம் தண்டவாளத்தை விட்டு எழும்பிவிடும். ஆகவே நீர்ப்பூட்டு மிகுந்த கால்வாயில் படி இடையூறு. நீர்ப்பூட்டு குறைந்த கால்வாயில் வளைவு இடையூறு. இரண்டும் இல்லாத கால்வாய்கள் மிகச் சிலவே.

இவற்றை அறியாமலா மக்கள் பணம் போட்டார்கள் என்று கேட்கத் தோன்றும். 1840களின் நடுவில் பிரித்தானியாவைப் பிடித்த ரயில் வெறியை மனதில் கொண்டால் அது விளங்கும். 1846 என்ற ஒரே ஆண்டில் 250க்கும் மேற்பட்ட ரயில் சட்டங்கள் நாடாளுமன்றத்தில் நிறைவேறின. அந்த வேகத்தில் எந்தத் தடமும் பங்கு விற்கப் போதுமான தடமாகத் தெரிந்தது. அதே ஆண்டில் பல கால்வாய்களை ஒன்றிணைத்துத் தோன்றிய ஷ்ரொப்ஷயர் யூனியன் கம்பனி, தன் கால்வாய்களை ரயில்பாதைகளாக மாற்றுவதையே நோக்கமாக அறிவித்தது. ஓராண்டுக்குள் அது ஒரு பெரிய ரயில்வேக்குக் குத்தகையாகப் போயிற்று. மாற்றம் பெரும்பாலும் நடக்கவில்லை, கால்வாய்கள் மேலும் பல பத்தாண்டுகள் கால்வாய்களாகவே ஓடின. நூற்றாண்டின் பிற்பாதியில் பிரித்தானியக் கால்வாய்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ரயில் கம்பனிகளின் கையில் இருந்தது. வாங்கியவற்றில் பலவற்றை அவை மாற்றவுமில்லை, வளர்க்கவுமில்லை. போட்டி ஒழிந்தாலே அவற்றுக்குப் போதுமாக இருந்தது.

மாற்றத்தை எதிர்த்தவர்கள் யார் என்பதிலும் பாடம் உண்டு. மான்செஸ்டர்–போல்டன்–பரி கால்வாய்க் கம்பனி 1831இல் தன்னையே ரயில் கம்பனியாக மாற்றிக்கொள்ளச் சட்டம் பெற்றது. கால்வாயை மூடி அதன் தடத்தில் பாதை இடுவது எண்ணம். கால்வாய்க் கரையில் நிலக்கரிச் சுரங்கம் வைத்திருந்தவர்கள் கிளர்ந்தார்கள். அவர்களுடைய சுரங்கங்களிலிருந்து வந்த சிறு இழுவைப் பாதைகள் எல்லாம் கால்வாயில்தான் முடிந்தன. நீர் போனால் அவர்களின் வாசலே அடைபடும். மறு ஆண்டு சட்டம் திருத்தப்பட்டு, கால்வாய் கால்வாயாகவே இருக்க, ரயில்பாதை அதன் பக்கத்தில் தனியாகப் போடப்பட்டு 1838இல் திறக்கப்பட்டது. ஒரு வாய்க்காலில் தலைமடை முதல் கடைமடை வரை எத்தனை பேருக்கு உரிமை இருக்கிறது என்று வயல்காரர்கள் கணக்குப் பார்ப்பார்களே, அந்தக் கணக்குத்தான் அங்கும் வென்றது.

இலண்டனின் ரீஜன்ட்ஸ் கால்வாய் போல இத்தனை முறை ரயில்பாதையாக்க முயன்று, ஒருமுறையும் ஆக்க முடியாமல் போன நீர்வழி வேறு இருக்குமா என்பது சந்தேகமே. பட்டிங்டனிலிருந்து நகரின் வடக்கைச் சுற்றி லைம்ஹவுஸ் வரை 1820இல் முழுமையாகத் திறக்கப்பட்ட அது, தேம்ஸ் துறைமுகத்தையும் நாட்டின் உட்பகுதிக் கால்வாய்களையும் இணைத்தது. நகரம் வளர வளர, கால்வாய் கிடந்த ஒடுங்கிய தடம் பொன் விளையும் இடத்தில் அமைந்துவிட்டது. 1845இல் பத்து இலட்சம் பவுணுக்கு அதை வாங்கி ரயில்பாதையாக்க ஒரு கம்பனி முன்வந்தது. கால்வாயின் பங்குதாரர்களும் சம்மதித்தார்கள். பணம் திரளவில்லை. அடுத்த பத்தாண்டுகளில் வேறு சிலரும் முயன்றார்கள். இறுதியாக, ரயில்பாதை அமைக்கவென்றே சட்டம் பெற்ற ஒரு கம்பனி 1883இல் 11,70,585 பவுண் கொடுத்துக் கால்வாயை உண்மையிலேயே வாங்கிவிட்டது. ஆனாலும் ஒரு முழம் தண்டவாளமும் போடப்படவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து, 1904இல், பெயரிலிருந்தும் ரயிலை நீக்கிவிட்டு, அது மீண்டும் வெறும் கால்வாய்க் கம்பனியாயிற்று.

நான் இந்தக் கதையில் மிகவும் மதிப்பது அதன் பின்னுரையை. 1979 அளவில் இலண்டன் மின்வலையமைப்புக்கு நகரினூடாக 400 கிலோவோல்ற்று வடம் ஒன்றைக் கொண்டுபோக வேண்டியிருந்தபோது, ரீஜன்ட்ஸ் கால்வாயின் இழுவைப்பாதைக்குக் கீழே தொட்டி அமைத்து அதைப் பதித்தார்கள். வடம் சூடாகாமல் இருக்கக் கால்வாய் நீரையே அதைச் சுற்றி ஓடவிட்டார்கள். தடத்தைப் பயன்படுத்தத் தண்ணீரை வெளியேற்றித்தான் ஆக வேண்டும் என்ற பழைய எண்ணத்துக்கு இதைவிட நல்ல மறுமொழி எனக்குத் தெரியாது.

நிறைவேறிய மாற்றங்களுள் ஸ்கொட்லாந்தின் பெய்ஸ்லிக் கால்வாய் தனித்து நிற்கிறது. கிளாஸ்கோவிலிருந்து கடற்கரை ஊரான ஆர்ட்ரோசன் வரை போக எண்ணி, பணம் முடிந்ததால் ஜோன்ஸ்டனோடு நின்றுவிட்ட அந்தக் கால்வாய், நிலத்தின் உயரக் கோட்டிலேயே ஓடியதால் அதில் நீர்ப்பூட்டே இல்லை. 1881இல் மூடச் சட்டம் வந்தது. 1885இல் பெரும்பாலும் அதே தடத்தில் ரயில் ஓடியது. படி இல்லாத கால்வாய் என்பதால் மாற்றம் எளிதாயிற்று. வளைவுகளை மட்டும் ஆங்காங்கே நிமிர்த்தினார்கள். கார்ட் ஆற்றைக் கடக்க 1810 அளவில் கல்லால் கட்டிய நீர்ப்பாலத்தில் இன்று ரயில் ஓடுகிறது. படகுக்காகக் கட்டிய அந்தப் பாலம், இன்றும் பயன்படும் உலகின் மிகப் பழைய ரயில் பாலங்களுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. நீரின் முழு எடையையும் தாங்கக் கட்டியது, ரயிலின் எடையையும் தாங்கியது. புகையிரத நிலையத்தின் பெயர்ப்பலகையில் இன்றும் ‘பெய்ஸ்லி கனால்’ என்றே இருக்கிறது. கார்லைல் கால்வாய் 1853இல் மூடப்பட்டு மறு ஆண்டே ரயில்பாதையாயிற்று. அபர்டீன்ஷயர் கால்வாயின் தடமும் 1854இல் ரயிலுக்குப் போயிற்று. வியன்னாவில், அட்ரியாட்டிக் கடல்வரை போகும் கனவோடு தொடங்கி 1803இல் திறக்கப்பட்ட வீனர் நொய்ஷ்டாட் கால்வாயின் நகர்ப்பகுதி ரயில் தடமாகி, இன்று நகர ரயில்கள் அந்தப் பழைய பள்ளத்தில் ஓடுகின்றன.

இந்த விவரங்களையெல்லாம் தம்பலகாமத்தில் இருக்கும் என் பெரியப்பாவிடம் ஒருநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். நீண்டகாலம் வட்டவிதானையாக, அதாவது வயல்களுக்கு நீர் பங்கிடும் பொறுப்பாளராக இருந்தவர். கந்தளாய்க் குளத்து நீர் எந்த வாய்க்காலில் எந்த நாளில் எவ்வளவு உயரம் ஓட வேண்டும் என்பதைக் கரையில் நின்று கால் விரலால் அளந்து சொல்லக்கூடியவர். பவுண் கணக்கையும் நீர்ப்பூட்டுக் கணக்கையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “அது சரி தம்பி, அந்தத் தண்ணியை எங்க விட்டவங்கள்?”

அந்தக் கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு மறுபடியும் இந்தப் பட்டியலைப் படித்தால் திட்டங்கள் தாமாகவே இரண்டாகப் பிரிகின்றன. குரொய்டன், பெய்ஸ்லி, கார்லைல் ஆகிய மூன்றும் படகுக்காக மட்டும் நீர் தேக்கிய கால்வாய்கள். நீர்த்தேக்கத்திலிருந்து விடுவதை நிறுத்தினால் அவை வற்றிவிடும். வற்றினால் எவருடைய வயலும் காயாது. குறுக்கே வரும் சிற்றோடைகளுக்கு மட்டும் மதகு வைத்துவிட்டால் போதும். மழைநீரை வடிக்கும் வாய்க்காலோ, பாசனம் செய்யும் வாய்க்காலோ அப்படியல்ல. படகு போவதை நிறுத்தலாம். மழை பெய்வதை நிறுத்த முடியாது.

அமெரிக்காவின் நகரக் கால்வாய்கள் முதல் வகையைச் சேர்ந்தவை. 1825இல் திறக்கப்பட்ட ஈரி கால்வாய், ரொச்செஸ்டர் நகரின் நடுவாகப் போனது. 1918இல் பெரிய படகுகளுக்கான புதிய கால்வாய் நகருக்கு வெளியே திறக்கப்பட்டதும், நீருக்கு வேறு வழி கிடைத்துவிட்டது; பழைய படுகை வெறும் பள்ளமாக மிஞ்சியது. பூமியைக் குடையாமலேயே கிடைத்த சுரங்கமாக நகரத்தார் அதைப் பார்த்தார்கள். படுகைக்குள் தண்டவாளம் இட்டு, நகர நடுவில் மேலே வீதி அமைத்து மூடி, 1927இல் சுரங்க ரயிலைத் திறந்தார்கள். ஜெனசீ ஆற்றைக் கடக்க 1842இல் கட்டிய கல் நீர்ப்பாலத்தின் கீழ்த் தளத்தில் ரயிலும், புதிதாகக் கட்டிய மேல் தளத்தில் மோட்டார் வண்டிகளும் ஓடின. 1956இல் பயணிகள் சேவை நின்றுபோனது. நியூ ஜேர்சியின் நுவார்க்கில், கைவிடப்பட்ட மொறிஸ் கால்வாயின் படுகையில் 1935இல் திறக்கப்பட்ட ரயில் இன்றும் ஓடுகிறது. இதில் ஒரு பழைய தொடர்பும் உண்டு: மலைப்பாங்கான நிலத்தைக் கடந்த அந்தக் கால்வாயில் 23 சாய்தளங்கள் இருந்தன; படகுகளையே தண்டவாளத்தில் ஓடும் வண்டிகளில் ஏற்றி மேட்டுக்கு இழுத்தார்கள்.

சின்சினாட்டியின் கதை துயரமானது. பயன்பாட்டில் இல்லாத மயாமி–ஈரி கால்வாயின் படுகையில் சுரங்க ரயில் அமைக்க நகர மக்கள் 1916இல் வாக்களித்துப் பணம் ஒதுக்கினார்கள். முதலாம் உலகப் போர் குறுக்கிட்டது. 1920இல் வேலை தொடங்கியபோது விலைவாசி ஏறி, ஒதுக்கிய பணம் பாதி வழியிலேயே கரைந்தது. சுரங்கமும் நிலைய மேடைகளும் கட்டப்பட்டன. அவற்றின் மேல் அகன்ற வீதி ஒன்று 1928இல் திறக்கப்பட்டது. கீழே ஒரு பயணிகூட ஏறாத மேடைகள் இன்றும் இருக்கின்றன. இங்கே தண்ணீர் எதிர்க்கவில்லை, பணம் முடிந்தது.

இந்தியாவில் விவாதம் எதிர்த்திசையிலிருந்து தொடங்கியது. கோதாவரியின் தவளேஸ்வரம் அணையை 1852இல் கட்டி முடித்த ஆர்தர் கொட்டன், 1830களில் சென்னைக்கு அருகே செங்குன்றம் ரயில்பாதைப் பணியில் ஈடுபட்டவர். ரயிலை அறியாமல் பேசியவரல்லர். அப்படிப்பட்டவரே, இந்தியாவுக்கு ரயிலைவிடக் கால்வாய்களே வேண்டும், ஒரே வாய்க்கால் வயலையும் நனைத்துப் படகையும் சுமக்கும் என்று இறுதிவரை வாதாடினார். அவர் ஊக்கத்தில் தொடங்கிய கர்நூல்–கடப்பைக் கால்வாய் நட்டத்தில் மூழ்கி, 1882இல் அரசிடம் போனது. வாதத்தில் ரயில் வென்றது. ஆனால் ஒரே கால்வாய்க்கு இரண்டு வேலை உண்டு என்று அவர் சொன்ன இடத்தில்தான், பெரியப்பாவின் கேள்விக்கும் வேர் இருக்கிறது.

பக்கிங்காம் கால்வாய் அந்த இரண்டாம் வகையின் எடுத்துக்காட்டு. 1806 வாக்கில் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டி, கடற்கரையோரமாக வடக்கே ஆந்திரத்துக்கும் தெற்கே மரக்காணத்துக்கும் நீட்டியது. 1876–78 பஞ்சத்தின்போது பசித்தவர்களின் உழைப்பைக் கொண்டு அடையாற்றையும் கூவத்தையும் இணைத்தது. நெல்லும் உப்பும் விறகும் அதில் வந்திறங்கிய காலம் போய், 1960களின் புயல்கள் அதைச் சிதைத்தபின் படகுப் போக்குவரத்து ஓய்ந்தது. நகருக்குள் ரயில் வேண்டும், காணி இல்லை என்ற நிலை வந்தபோது, இங்கிலாந்தில் 150 ஆண்டுகளுக்கு முன் தோன்றிய அதே யோசனை இங்கும் தோன்றியது. கால்வாயைத் தூர்க்கவில்லை, அதற்குள் தூண்களை நட்டு, மேலே பாதை போட்டார்கள். பறக்கும் ரயில் 1995இல் கடற்கரை நிலையத்திலிருந்து சேப்பாக்கம் வரையும், 1997இல் மயிலாப்பூர் வரையும், 2007இல் வேளச்சேரி வரையும் ஓடத் தொடங்கியது.

சென்னையில் தங்கியிருந்த நாட்களில் மந்தைவெளி நிலையத்து மேடையின் ஓரத்தில் நின்று கீழே பார்த்திருக்கிறேன். தூண்களின் அடியில் கரிய நீர் அசையாமல் நிற்கும். ஒவ்வொரு தூணையும் சுற்றிப் பிளாஸ்ரிக்கும் ஆகாயத்தாமரையும் அடைந்து ஒரு வளையம் கட்டியிருக்கும். தூணுக்கும் கரைக்கும் இடையில் சேறு மேடாகி, அந்த மேட்டில் ஆமணக்கு முளைத்திருக்கும். படகு போகாத கால்வாய்தான்; ஆனால் நகரத்தின் மழைநீரும் கழிவுநீரும் அன்றைக்கும் அதற்குள்ளேயே வந்துகொண்டிருந்தன. வடகீழ்ப் பருவமழையில் அடையாறும் கூவமும் பெருகும்போது, அவற்றுக்கு இடையே நீரை வாங்கிக் கடலுக்குக் கடத்த வேண்டிய வழி அது. போக்குவரத்துக் கணக்கில் அது செத்த கால்வாய். வடிகால் கணக்கில் அது உயிருள்ள கால்வாய். திட்டமிட்டவர்கள் முதல் கணக்கைப் பார்த்தார்கள் என்பதே என் குறை. 2008இல் இந்திய அரசு 4ஆம் இலக்கத் தேசிய நீர்வழியை அறிவித்தபோது அதில் பக்கிங்காம் கால்வாயும் சேர்ந்திருந்தது. ஆனால் தூண்கள் நிற்கும் நகர்ப்பகுதியில் மீண்டும் படகு விடுவது இனி எளிதல்ல.

கொல்கத்தாவிலும் இதுவே நடந்தது. ஆதிகங்கையின் பழைய தடத்தை 1770களில் வில்லியம் டொலி என்பவர் தூர்வாரிப் படகு விட்டார். அவர் பெயரால் அது டொலி நாலா ஆயிற்று. டொலிகஞ்சிலிருந்து கரியாவுக்கு மெட்ரோ ரயிலை நீட்டியபோது, எதிர்ப்புகளை மீறி, அந்த நீரோடைக்குள்ளேயே தூண்கள் எழுந்தன. 2009இல் ரயில் ஓடியது. தூர்க்காமல் மேலே போவது தூர்ப்பதைவிட மேல் என்று சொல்லலாம், அதை மறுக்கவில்லை. எனினும் தூண் நிற்கும் ஓடையைத் தூர்வாருவதும் அகட்டுவதும், தூண் இல்லாத ஓடையைவிடப் பலமடங்கு கடினம். வருங்காலத்தில் அந்த நீருக்கு என்ன தேவைப்படும் என்ற கேள்வி, தூண் நட்ட அன்றே பாதி முடிந்துவிடுகிறது.

இலங்கையில் ரயில் வந்த விதம் வேறு. கொழும்பிலிருந்து நீர்கொழும்பு வழியாகப் புத்தளம் வரை, ஒல்லாந்தர் வெட்டியதும் ஆங்கிலேயர் 1802க்குப் பின் ஹமில்டன் கால்வாயாக விரித்ததுமான நீர்வழி ஒன்று ஆயத்தமாகவே இருந்தது. ரயில்பாதை அதே ஊர்களை நோக்கி, அதே கரையோரமாக நீண்டு, 1926இல் புத்தளத்தை அடைந்தது. கால்வாய் கால்வாயாகவே பக்கத்தில் கிடந்தது.

அதற்கு மறு ஆண்டு, 1927இல், கல்லோயாச் சந்தியிலிருந்து திருகோணமலைக்கு வந்த பாதை கந்தளாயையும் தம்பலகாமத்தையும் கடந்து சீனன்குடாவை அடைகிறது. கந்தளாய்க் குளத்தைக் குளக்கோட்டன் கட்டியதாக நம் கோணேசர் மரபு சொல்லும். மகாசேனன் கட்டியதாகச் சொல்வோரும் உண்டு. யார் கட்டியிருந்தாலும், 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் அதன் கட்டு உடைந்ததைக் கண்டவர்களுக்கு, அடைத்து வைத்த நீர் வழி தேடினால் என்ன ஆகும் என்பது தெரியும். அந்தக் குளத்து நீர் பாயும் வயல்வெளியில் ரயில்பாதை வாய்க்கால்களின் மேல் படுத்துக்கொள்ளவில்லை. குறுக்கே வெட்டிப் போகிறது. பெரியப்பா என்னைத் தம்பலகாமத்தில் அப்படியொரு இடத்துக்குக் கூட்டிப்போனார். மேலே சரளைக் கல்லும் சிலிப்பர்கட்டையும். கீழே கல்லால் கட்டிய மதகுக்குள் பெரும்போகத்து நீர் முழங்காலளவு ஓடிக்கொண்டிருந்தது. மதகின் வாய் வாய்க்காலைவிட அகலமாக இருந்தது. குனிந்து அதைக் காட்டி, “இது ஓடுற தண்ணிக்கு வச்ச அளவில்லை, வெள்ளத்துக்கு வச்ச அளவு” என்றார். சற்று நேரத்தில் கோச்சி வரும் சத்தம் கேட்டது; நாங்கள் வரம்பில் இறங்கி நின்றோம். பெட்டிகள் மேலே தடதடத்துப் போகும்போதும் கீழே நீர் அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது.